அக்கரைப் பச்சை

முதலில் கறுப்புத் தூபி.
முச்சந்தி நடுவில், இடுக்கெல்லாம் புல் முளைத்து,
யாரோ நிறுத்திவிட்டு மறந்த வண்டிபோல.
"உள்ளே ஏழுதலை நாகம் தூங்குது,
இங்கே நான் ஹார்ன் அடிக்கமாட்டேன்"
என்றான் டுக்-டுக் ஓட்டும் பூவோங்.
அடுத்த திருப்பத்திலேயே
ஓர் ஐஸ்கட்டி லாரிக்கு அடித்தான்.

வாட் சீசகேத்தின் சுற்றுச்சுவர் முழுக்க
சின்னச் சின்ன மாடங்கள்.
மாடத்துக்கு இருவராய்
தேநீர்க் கோப்பை உயரப் புத்தர்கள்.
எண்ணத் தொடங்கினேன்.
நூற்றுப் பதினேழில் பல்லி குறுக்கே ஓட
விட்டுவிட்டேன்.

கீழ்வரிசையில் தலை போனவர்கள்.
எந்தப் படை, எந்த ஆண்டு
என்று பலகையில் எழுதியிருந்தது.
நான் படித்துக்கொண்டிருந்தபோது
செங்மணி தூரிகையோடு வந்தாள்.
ஒவ்வொருவருக்கும் மடி, தோள், கழுத்து, நெற்றி.
தலையில்லாதவரிடமும் அதே வரிசை:
மடி, தோள், கழுத்து,
அப்புறம் வெறுங்காற்றில்
ஒரு விரற்கடை அளவுக்கு
மெல்ல ஒரு துடைப்பு.
பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும்
"கை பழகிடுச்சு" என்றாள்,
திருட்டுப் பிடிபட்டவள்போல.

சாலையைக் கடந்தால் ஹோ பிரா கேவ்.
மரகதப் புத்தருக்கென்று கட்டிய வீடு.
வீடு இருக்கிறது.
பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள்,
ஆசிரியை தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.
"அவர் எங்கே?" என்றது ஒரு வாண்டு.
முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று
எண்ணிக்கை பிசகாமல்
தாடையால் ஆற்றுப்பக்கம் காட்டினாள்.

மாலையில் மீகாங் கரை.
பங்குனி வெயிலில் ஆறு மெலிந்து
மணல்தான் அகலமாய்க் கிடந்தது.
ஒலிபெருக்கி அதிர, ஐம்பது பெண்கள்
இடுப்பை வளைத்து உடற்பயிற்சி.
சட்டைப்பையில் போன் சிணுங்கிற்று:
தாய்லாந்து உங்களை வரவேற்கிறது.
நான் நகரவேயில்லை.

பூவோங் சிரித்தான்.
"இங்கே நின்னா அப்படித்தான். சிக்னல் அவங்களுது."
தங்கை அந்தக் கரையில்,
நோங்காயில் ஓர் ஓட்டலில்
படுக்கை விரிப்புகள் துவைக்கிறாளாம்.
"மரகதத்தைப் பார்த்தாளா?"
"பாங்காக் ராத்திரிப் பயணமாச்சே,
லீவு எவன் குடுப்பான்?"

வறுத்த வாழைப்பழம் வாங்கித் தின்றோம்.
காசை அவன் கொடுத்தான், நான் கொடுத்தேன்,
கடைக்காரி இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

இருட்டியதும் எதிர்க்கரையில்
ஒரே ஒரு விளக்கு.
அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள் எங்கள் பக்கம்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன்.
மஞ்சள்தான்.