பன்னிரண்டில் ஒன்று

ஜீப்பின் பின்சீட்டில் யார் வைத்தார்கள் என்று
சம்பங்கிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
எங்கிருந்து வந்தது என்பது இருவருக்கும் தெரியும்.
வாலாஜா ரோடு போகும் வழியில்
ரயில்வே கேட்டில் நின்றபோதுதான்
நெய்வாசம் முன்சீட்டுக்கு வந்தது.

ஆற்காடு மக்கன் பேடா. பன்னிரண்டு.
அட்டைப்பெட்டியின் அடி பாகில் ஊறியிருந்தது.
அதற்கும் கீழே, பாகு படாதபடி
பாலித்தீன் சுற்றிய ஐந்நூறுகள்.
எண்ணவில்லை.
எண்ணவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

மடியில், அன்று காலை பிடித்த பாட்டில்.
தோல் ஷெட்டின் பின்சுவரில், வேலிகாத்தான் மறைவில்,
ராத்திரி மட்டும் திறக்கிற குழாயை
விடிந்தும் மூட மறந்திருந்தார்கள்.
தண்ணீர் என்று சொல்ல வாய் வராத ஒன்று
பாலாற்று மணலுக்குள் சத்தமில்லாமல்
இறங்கிக்கொண்டிருந்தது.

சரக்கு ரயில். முடிவில்லாத பெட்டிகள்.
வேலூர் வெயில் கூரையில் உட்கார்ந்திருந்தது.
நோட்டுக்குக் கூசிய கை
பேடாவுக்குக் கூசவில்லை.
உள்ளே முந்திரி உடைந்தது, சாரைப்பருப்பு உடைந்தது.
விழுங்கிவிட்டேன்.
சம்பங்கி கண்ணாடியில் பார்த்தான்,
பிறகு ரயில் பெட்டிகளை எண்ணுவதுபோல்
வெளியே திரும்பிக்கொண்டான்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மேனேஜர் கிருபாகரன் பெட்டியைத் திறந்தார்.
நோட்டைத் தொடவில்லை.
விரல் நீட்டி பேடாவை எண்ணினார்.
"ஒண்ணு கொறையுதே சார்" என்றார்.
அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு:
"பரவால்ல. சாப்ட்டீங்க இல்ல."

சாப்ட்டீங்க.
அந்தச் சொல்லுக்கு நம் ஊரில்
ஒரு வயிறு மட்டுமா இருக்கிறது?

முப்பது ரூபாயை மேஜையில் வைத்தேன்.
விலை அதுதானா என்று தெரியாது.
ஃபேன் காற்றில் ஒரு பத்து ரூபாய் பறந்து
பீரோவுக்கு அடியில் போனது.
எடுக்க யாரும் குனியவில்லை.
"இன்னா சார் இப்ப, ஒரே ஒண்ணு தான" என்றான் சம்பங்கி
படியிறங்கும்போது,
ஆறுதலாக.

ஆய்வகத்தில் உப்புக் கணக்கு வந்தது:
7400. அனுமதி 2100.
மேலேயிருந்து போன்.
"ஏழோட தலைக்கோட்டை லேசா மழிச்சா ஒண்ணு.
ஆயிரத்து நானூறு. எல்லாருக்கும் நிம்மதி."
நான் வீரமாக எதுவும் சொல்லவில்லை.
சரிங்க, சரிங்க என்றுதான் சொன்னேன்.
வைத்துவிட்டு
ஏழாயிரத்து நானூறு என்று
எழுத்தாலும் எழுதினேன்,
எவனும் மழிக்க முடியாதபடி.
பேனா மூடி கீழே விழுந்தது, கை அப்படி நடுங்கியது.

வாரத்துக்குள் டீக்கடையில் பேச்சு:
அவரும் தின்னவர்தான்.
மறுக்க முடியவில்லை. பொய்யில்லையே.

வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு.
தினமும் காலை சுலோச்சனா சமையலறையிலிருந்து கேட்பாள்,
"எவ்ளோ காட்டுது?"
விரலில் ஊசி குத்திய ரத்தத்துக்கு
மிஷின் அன்று சொன்னது 271.
நூத்தி எழுபத்தொண்ணு என்றேன்.
அவள் எழுதினாள், வட்டமாக, அழகாக,
என்னை நம்பி.

ஆற்றுக்காக ஏழை ஒன்றாக்காதவன்
எனக்காக இரண்டை ஒன்றாக்கியிருந்தேன்,
மூன்று மாதமாக, தினமும், பல் துலக்குவதுபோல.
எந்த அதிகாரியும் போன் செய்யவில்லை.
யாரும் பெட்டி வைக்கவில்லை.

பல்லி கத்தியது. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.
"இருநூத்து" என்றேன்.
"என்ன இருநூத்து?"
"நூத்தி இல்ல. இருநூத்து எழுபத்தொண்ணு."

திட்டுவாள் என்று நின்றேன்.
அடுப்பை அணைத்தாள்.
நோட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள்,
பேனாவை உதறினாள்.
"சரி. மத்த நாளெல்லாம்?"

மிஷினைத் துழாவிப் பார்த்தோம்.
அது வைத்திருந்ததைத் திருத்தினாள்.
அது மறந்ததை நான் சொன்னேன்.
இருவரும் மறந்த நாட்களில்
அவள் எண்ணை அடித்துவிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
நிறைய கேள்விக்குறிகள்.
அன்று ஆபீசுக்கு அரைமணி லேட்.