பத்து நாளைக்கு ஒருமுறை

முதல் நாளே எனக்குத் தெரியும்.
திண்டுக்கல்லில் இருந்த காலத்தில்
வார்டு வார்டாகப் போய் மழித்தவன் நான்.
மருந்து கண்ட தலை சீப்பு பட்டாலே கொட்டும்,
தலையணை தின்றதுபோக மிச்சம்தான் கத்திக்கு வரும்.
வேலுத்தாய் தலையில் ஒவ்வொரு முடியும்
கேரட் மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது.
இரண்டு பிளேடு மாற்றினேன்.

கடை திறக்குமுன், பனி விலகுமுன்,
பின்கதவு வழியே வந்திருந்தாள்.
"ஆஸ்பத்திரியில எடுக்கச் சொல்லிட்டாங்க."
தண்ணீரைச் சுட வைத்தேன்.
பூம்பாறையில் தைமாத விடியலில்
பச்சைத் தண்ணீரால் ஒரு தலையை நனைப்பது பாவம்,
அது பொய் சொல்கிற தலையானாலும்.

ஊர் அவளுக்கு என்னதான் செய்யவில்லை!
வீட்டுக்கு இரண்டு கிலோ பூண்டு வசூல்.
பூண்டு வாசம் குமட்டுகிறதென்று
ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்;
மறுநாள் அந்தத் தெருவில் காய்ந்த பூண்டெல்லாம்
மாடி ஏறிவிட்டது.
ஆறு வருடம் பேச்சில்லாத நாத்தனார்
ஆட்டுக்கால் சூப்போடு வந்து
கடைசி மடக்குவரை நின்றாள்.
நானும் ஐந்நூறு எழுதினேன்.
நோட்டில் என் பெயர் இருக்கிறது.

பத்து நாளைக்கு ஒருமுறை.
பத்தே நாளில் பூண்டுமுளை மாதிரி குத்திக்கொண்டு நிற்கும்,
வெட்கங்கெட்ட முடி.
அவளே தடவிப் பார்த்து
"சீக்கிரம் வந்துருது" என்பாள்,
பால் பொங்கிவிட்டது என்பதுபோல.
பிறகு கண்ணை மூடிக்கொள்வாள்.
நெற்றியிலிருந்து பிடரிவரை
கத்தி போய்வருகிற அந்த இருபது நிமிடம்
அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
அதை என்னவென்று சொல்ல?
தாலி கட்டியவன் திருப்பூர் போய் ஒன்பது வருடம்.
அந்தத் தலையை வேறு யார் தொட்டார்கள்.

இதைச் சொல்லி அவளை நல்லவளாக்கவில்லை.
என்னையும்தான்.
"இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்க வந்தவர்கள்
வந்ததுக்கு ஒரு ஷேவிங் என்று உட்கார்ந்தார்கள்.
அந்த ஆடியில் என் கடைக்கு
இரண்டாவது நாற்காலி வந்தது.

ரத்தம் கொடுக்கப் போன மூன்று பையன்கள்
மதுரை பெரியாஸ்பத்திரிப் பதிவேட்டில்
அவள் பெயரைக் காணாமல் திரும்புகையில்
மாட்டுத்தாவணியில் பார்த்தார்களாம்,
சிமெண்ட் பெஞ்சில்,
மடியில் எக்ஸ்ரே உறையோடு,
ஒன்றும் செய்யாமல்,
சாயங்கால பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தவளை.
உறையைப் பிடுங்கி வெயிலில் பிடித்தால்
யாருடைய முழங்காலோ.

அவள் இரவோடிரவாக வத்தலக்குண்டுக்கு இறங்கிப்போனாள்.
பூண்டு திரும்ப வாசலுக்கு இறங்கியது.
ஊர் என்னிடம் வந்தது:
"தலையைத் தொட்டவன், உனக்குமா தெரியல?"
"மயிர் என்னத்தைச் சொல்லும்" என்றேன்.
அவள் பொய்யைவிடச் சின்னதுதான்.
மழித்துப் பார்க்கிறேன், பத்து நாளில் வந்துவிடுகிறது.

நேற்று இரவு ஒன்பதரைக்குப் பின்கதவு.
கீழ்த்தெரு சடையம்மாள்.
லைட்டை அணைத்த பிறகுதான்
மங்கி குல்லாவைக் கழற்றினாள்.
குல்லாவோடு பாதி முடி வந்துவிட்டது.
மீதியை விரலாலேயே எடுத்தேன்.
"வெளிய சொல்லிராதீங்க.
இன்னொரு வேலுத்தாய்னு சொல்லிருவாங்க.
ரிப்போர்ட்டு எங்கே, சீலு எங்கேம்பாங்க."
ரிப்போர்ட் இருந்தது. சீல் இருந்தது.
எனக்குக் காட்டவே கொண்டுவந்திருந்தாள்.
வேண்டாம், மடித்து வை என்றேன்.
அந்த இருட்டிலும்
விரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீரைச் சுட வைத்தேன்.
இந்த ஊரில் எல்லோருமே குல்லா போடுகிறோம்,
பங்குனிவரை சமாளித்துவிடலாம் என்று
விரல்விட்டு எண்ணினாள்.
சித்திரையில் என்ன செய்வாய் என்று
நான் கேட்கவில்லை.