வெள்ளெழுத்து

போன நவம்பரில் என் மூச்சுப் பட்டுத்
தொலைநோக்கியின் கண்ணாடி வெளிறியது.
துடைத்துவிட்டுப் பார்த்தால்
அந்த மூஸ்
காட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தது.

அன்றிரவே நாலு திருகாணியையும் கழற்றினேன்.
இப்போது தயாபரன் அதால்
சமையலறை ஜன்னலில் மரங்கொத்தி பார்க்கிறான்.

இரும்புக் குறிக்கே திரும்பலாம் என்றால்,
காகித ஆலை லோரியிடம் வாங்கிய துவக்கு இது.
அவனுடைய ட்ரக் கதவில் எப்போதோ நசுங்கிய பின்குறி:
கொம்பு மாதிரி இரண்டு காது,
அதில் ஒன்று செவிடு.
நிமிர்த்தினாலும் பயனில்லை.
ஐம்பத்து மூன்று வயது எனக்கு,
மருந்துப் போத்தலைக் கை நீட்டிப் படிக்கிற கண்.
பின்குறி, முன்குறி, விலங்கு
மூன்றையும் ஒரே நேரம் பார்க்க
எந்தக் கண்ணாலும் ஏலாது.
எனக்கு இரண்டுகூட ஏலாது.

டிரைடனில், படகு மோட்டார் விற்கிற கடையின் பின்மூலையில்
பிராண்டி கோவல்ச்சுக் ஒரு துணி விரித்து
முன்குறிகளை அடுக்கினாள், நகைக்கடை போல.
பச்சை இழை: கலியாண வீட்டு மின்குமிழ், வேண்டாம்.
வெள்ளை மணி: பனி விழுந்தால் பாலில் உப்பு.
கறுப்புத் தகடு, முகத்தில் ஒரு பித்தளைக் கோடு:
இதை எடுத்தேன்.
பின்னுக்கு ஒரு வளையம்.
"ஓட்டைக்குப் போய் எண்பது டொலரோ?" என்றான் தயாபரன்.
"ஓட்டையைப் பார்க்காதே, ஓட்டையால் பார்.
நடுவைக் கண் தானே தேடிக்கொள்ளும்" என்றாள் அவள்.

உரிமம் எடுக்கிற வகுப்பிலும் கேட்டார்கள்,
துவக்கோடு முன்பழக்கம் உண்டா என்று.
இல்லை என்று எழுதினேன்.
முன்குறியை முன்னாலிருந்து பார்த்ததற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அறை வெறுமையா என்று விரல் விட்டு இரண்டு தரம் பார்த்தேன்.
இரவு முழுக்க எண்ணெயில் ஊறியும்
பழைய தகடு புறாவால் பள்ளத்தை விடுவதாயில்லை.
பித்தளை உளி, சின்னச் சுத்தியல்,
இடமிருந்து வலமாகத் தட்டு, தட்டு,
பிறகு சட்டென்று, பால்பல் விழுகிற மாதிரி,
கராஜ் தரையில் எங்கோ ஓடியது.
புதியதை வலமிருந்து இடமாக ஏற்றினேன்.
வளையம் உயர்ந்திருப்பதால் வெடி மேலே போகும்;
அதற்காகவே உயரமான தகடு.
கணக்குப் போட்டேன்: ஐம்பது மீற்றரில் பத்து சென்ரிமீற்றர் என்றால்
இங்கே ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தில்தான் பிழைத்தேன்.

ஞாயிறு, சரளைக் குழி.
முதல் மூன்றும் வலப்பக்கம், கீழே.
வலப்பக்கம் போனதால்
முன்குறியை இடப்பக்கம் தட்டினேன்.
இன்னும் வலம்.
பிறகுதான் ஞாபகம் வந்தது:
பின்குறி நீ விரும்பும் பக்கம் போகும்,
முன்குறி பிழையின் பின்னாலேயே போகவேண்டும்.
இதை முதலே யாரும் எனக்குச் சொல்லியிருக்கலாம்,
துவக்கைப் பற்றி மட்டும் அல்ல.

கீழே அடிப்பதற்கு அரம்தான் மருந்து.
தகட்டை ராவினால் வெடி ஏறும்.
ராவிய இரும்பு திரும்பி வராது,
அதனால் இரண்டு இழுவை, ஒரு வெடி,
இரண்டு இழுவை, ஒரு வெடி.
தோள் கன்றியது.
தயாபரன் ட்ரக்குக்குள் தேத்தண்ணியோடு நடுங்கினான்.
பதினொராவது,
நான் வேண்டிய இடத்துக்கு
ஒரு மயிரளவு கீழே நின்றது.
அரத்தை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ராவிய விளிம்பு புதிதாய் மின்னியது.
தீக்குச்சி கொளுத்திக் கரி பிடித்தேன்.
வளையத்துக்கு அப்பால் அந்தச் சின்னக் கோடு
இந்த வயதில் எனக்குத் தெளிவாய்த் தெரிகிற
சில பொருட்களில் ஒன்று.

"என்ன, சரியோ?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டான்.

கடதாசிக்குச் சரி, என்றேன்.