கழுநீர்க் கணக்கு

க்ரைன் டீலமனை நான் பார்த்ததில்லை.
பார்க்காமலே தெரியும்:
திங்கள் காலை அவர் ஆலையில் தரை கழுவுவார்கள்,
நீரில் காரம் தூக்கலாக இருக்கும்.
அக்டோபரில் புது உருளைக்கிழங்கு. மண் அதிகம்.
ஒருமுறை இரவு மூன்று மணிக்கு
மாவுச்சத்து பாலாய்த் திரண்டு வந்தது.
போனில் கேட்டேன்,
"அங்கே யாருக்காவது அடிபட்டதா?"
கன்வேயரில் ஒரு பையனின் விரல்.
எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள்,
கழுவும் தொட்டியைத் தவிர.

இந்த ஸீலண்ட் மண்ணில்
மூன்று மீட்டர் தோண்டினால் உப்பு.
முகத்துவாரத்தில் ஆன்ட்வெர்ப் போகும் கப்பல்கள்
நாள் முழுக்கத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருக்கும்;
அதில் ஒரு வாளிகூட
என் கொதிகலனுக்கு ஆகாது.
ஆகவே குழாய்.
வறுவல் ஆலையிலிருந்து எனக்கு.
என்னிடமிருந்து, சூடு ஆறுவதற்குள்,
பீட்டர்னெல் விஸ்ஸெயின் கண்ணாடிக் கூடத்துக்
குடைமிளகாய்களின் காலடிக்கு.
ஒருவர் எச்சில் அடுத்தவர் ஊற்று.
தண்ணீராய்ச் செலவழிக்கிறாள் என்று
இங்கே யாரையும் ஏச முடியாது.
ஒவ்வொரு கனமீட்டருக்கும் ரசீது உண்டு,
ரசீதில் என் கையெழுத்து.

மார்ச்சில் க்ரைன் நல்லவராகிவிட்டார்.
நீராவியில் தோலுரிக்கும் புது இயந்திரம்,
கழுவ வேண்டியது பாதிதான்.
கேக் வெட்டினார்களாம்,
மாகாண அதிகாரி வந்து கை குலுக்கினாராம்.
என் தொட்டியில் மட்டம்
நாற்பது சென்டிமீட்டர் இறங்கியது.

"வாழ்த்துகள்" என்றேன் போனில்.
"கொஞ்சம் வீணாக்க முடியுமா?"
சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
"எவ்வளவு வேண்டும், லோன்ட்யே?"

கரைந்த சோப்பின் கடைசித் துண்டைப்
புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பவள் நான்.
அன்று இரவு முழுக்க
மட்டமானியைப் பார்த்தபடி
பக்கத்து ஆலை ஊதாரியாகட்டும் என்று
வேண்டிக்கொண்டிருந்தேன்.
ஞாயிறு தேவாலயத்தில் இதை எப்படிச் சொல்வது?

கூட்டம் போட்டார்கள். ஐந்து ஆலைகள், ஒரு நீள மேசை.
க்ரைனுக்கு ஷிஃப்ட், வரவில்லை.
மேசை நடுவே பாட்டில் தண்ணீர்,
எந்த நாட்டு மலையிலிருந்தோ வந்தது.
யாரும் மூடியைத் திருகவில்லை.
வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டினார்:
மிஞ்சியதைத் தருவோம் என்று எழுதியிருந்தது.
மிஞ்ச வைப்போம் என்று எங்கும் இல்லை.

குழாயின் கடைசி ஆள் பீட்டர்னெல்,
வாங்க மட்டுமே வந்து உட்காருபவள்,
கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
"எட்டு ஹெக்டேர் கண்ணாடிக் கூரை என்னுடையது.
செடிகளுக்குப் போக மீதி மழையை
வாய்க்காலில் விட்டுவிடுகிறேன்.
யாரும் கேட்டதில்லையே."

கணக்குப் போட்டவர்கள்
மறுபடி கணக்குப் போட்டார்கள்.
கோடை முழுவதும்
லாரியில் நீர் வாங்கிச் சமாளித்தோம்;
அந்த ரசீதுகளை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

நவம்பரில் முதல் பெருமழை.
வால்வைத் திருப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது,
அத்தனை வருடம் ஒரே பக்கம் பார்த்து
இறுகிப்போயிருந்தது.
எப்போதும் வெதுவெதுப்பாய் இருக்கும் குழாய்
உள்ளங்கையில் ஜில்லென்றது.
மீட்டரில் எண் இறங்கியது.
இன்னும் இறங்கியது.
கீழ்க்கோட்டைத் தாண்டியதும்
அலாரம் அலறியது.
இவ்வளவு சுத்தமான நீரை அறியாத கருவி
தான் கெட்டுப்போனதாக நினைத்துக்கொண்டது.

அதற்குள் போன்.
"என்ன சத்தம் அங்கே?" க்ரைனின் குரல்.
"யாருக்காவது அடிபட்டதா?"

"இல்லை" என்றேன்.
அலாரத்தை உடனே நிறுத்த மனம் வரவில்லை.
ரிசீவரைக் கொஞ்ச நேரம்
ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.