லாண்டட்

பெப்ரவரி. எல்ஸ்மியர் வீதி, பேஸ்மென்ட்.
ஹீட்டர் இருமி இருமி ஓடுகிறது.
வேர்ஹவுஸ் சப்பாத்தைக் கழற்றாமலே
லாப்டொப்பைத் திறக்கிறேன்.
விற்க வேண்டியது முழங்கால் பட்டி.
பட்டி என்னுடையதில்லை, ஒஹாயோவில் ஒரு கொம்பனியுடையது.
ஒன்று விற்றால் எனக்குப் பதினொரு டொலர் நாற்பது சதம்.
பழைய சொல்லில் தரகு,
புதிய சொல்லில் அஃபிலியேட்.

கொம்பனி தந்த பக்கம்
ஏலக்காரனைப் போலக் கத்தியது.
"சொந்தமாய் ஒன்று கட்டுங்கோ அக்கா" என்றான்
மூன்றாம் லைனில் பெட்டி ஒட்டுகிற ரஜீபன்.
"லாண்டிங் பேஜுக்கு ஒரே வாசல்தான்.
மெனு கூடாது. வேறு லிங்க் கூடாது.
வந்த ஆள் பொத்தானை அமத்த வேணும்,
இல்லாட்டி மூடிப்போட்டுப் போக வேணும்."

அப்படி ஓரிடத்தில் நான் நின்றிருக்கிறேன்.
பியர்சன் விமான நிலையம், தொண்ணூற்றெட்டு.
ஒரு வரிசை, ஒரு மேசை, கண்ணாடி போட்ட ஓர் ஆள்.
ஏன் வந்தாய் என்றார்.
நான் சொன்ன முதல் வசனம்
தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் விழுந்தது.
லாண்டட் கிடைக்க ஏழு வருடம்.
தலைப்பு முக்கியம் என்று ரஜீபன் சொன்னபோது
நான் சிரித்தது அவனுக்கு விளங்கவில்லை.

பொத்தானுக்குப் பச்சை போட்டேன். பிறகு செம்மஞ்சள்.
"இன்னும் பதினான்கு நிமிடம் மட்டுமே" என்று
ஒரு மணிக்கூடு வைத்தேன்.
பக்கத்தைத் திறக்கத் திறக்க
அது பதினான்கிலிருந்தே ஓடும்.
தெரிந்திருந்தும் ஒருமுறை
நானே பார்த்துப் பதறினேன்.

பிறகு டொரீன்.
அறுபத்திரண்டு வயது, கல்கரி,
பட்டி கட்டிய பின் மறுபடி நடனமாடுகிறாள்.
அவளை நான் பெற்றது
விடியப்புறம் இரண்டேகாலுக்கு.
இலவசப் படக்கிடங்கில்
அவளுக்கென்று ஒரு சிரிப்புத் தேடி எடுத்தேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பார்கள்.
என் கணக்கு இது:
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்,
மூன்று பேர் அமத்தினார்கள்,
ஒருத்தர் பட்டியைத் திருப்பி அனுப்பினார்.

டிம்மின்ஸிலிருந்து ஓர் ஆள்.
சாமம் மூன்று நாற்பதுக்கு வந்து
பத்தொன்பது நிமிடம் நின்றிருக்கிறார்.
விரல் போன தடம் சிவப்பாய்த் தெரிந்தது:
கீழே போய், மேலே வந்து, டொரீனில் நின்று,
விலையைப் பார்த்து, திரும்பவும் டொரீன்.
அமத்தவில்லை.
நோவோடு நித்திரையில்லாத ஒருவர்
இல்லாத ஒருத்தியிடம்
ஏதோ கேட்கப் பார்த்திருக்கிறார் என்று பட்டது.

டொரீனை அழித்தேன்.
கவலையாய்த்தான் இருந்தது,
ஆடிக்கொண்டிருந்த மனுசி.
மணிக்கூட்டையும் கழற்றினேன்.
அந்த இடத்தில் எழுதினேன்:
எனக்கு நாற்பத்தொன்பது வயது.
சீமெந்துத் தரையில் பத்து மணித்தியாலம் நிற்கிறேன்.
நாலு மாதமாய் இதைக் கட்டுகிறேன்.
படி ஏறலாம். இறங்க இன்னும் நோகிறது.
நீங்கள் வாங்கினால் எனக்குக் காசு வரும்.

ரஜீபன் பார்த்துவிட்டு
"இது லாண்டிங் பேஜ் இல்லை அக்கா,
பாவசங்கீர்த்தனம்" என்றான்.
அடியில் என் மின்னஞ்சலை வைத்ததற்கு
இன்னும் கொஞ்சம் திட்டினான்.
இரண்டு வாரம் ஒரு பட்டியும் போகவில்லை.
விளம்பரத்துக்கு விட்ட காசு
போன மாத ஹைட்ரோ பில்லை விடக் கூட.
செம்மஞ்சள் பொத்தான் மட்டும்
ஆளில்லாச் சந்தியில் சிக்னல் மாதிரி எரிந்தது.

நேற்று வேலை முடிந்து
பதினொரு படியும் பக்கவாட்டில் இறங்கி வந்து
திறந்தால் ஒரு கடிதம்.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை,
ஒரே கேள்வி:
எந்தக் கால்?

இடது, என்று எழுதினேன்.
அனுப்பப் போய், நிறுத்தி,
குளிர் நாளில் வலதும், என்று சேர்த்தேன்.
உங்களுக்கு?