கயிறு

புந்தா அரேனாஸில் வசந்தம் என்றால் காற்று.
பூவெல்லாம் அப்புறம்.
சதுக்கத்து முனைகளில் நகராட்சி கயிறு கட்டிவிடும்,
தெருவைக் கடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
வக்கீல், தபால்காரி, பாதிரியார்
எல்லோரும் ஒரே கயிற்றில்
துவைத்துப் போட்ட துணிபோலப் படபடப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை, நாலரை மணி.
டாமிர் பள்ளியிலிருந்து கிரீடத்தோடு வந்தான்.
அட்டை. மஞ்சள் சாயம். ஒன்பது மக்ரோனி,
ஒன்று அதற்குள் உதிர்ந்து அவன் சட்டைப் பையில்.
"போட்டுக்கிட்டே வருவேன்."
"பறந்துடும். பைக்குள்ள வைப்போம்."
"பறக்காது. நான் ராஜா."

ராஜாவுக்கும் இதே காற்றுதான் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
நாலு வயதுக்காரனை வாயால் ஜெயித்து
எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறேன்?
கிரீடத்தை எடுத்துப் பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்தேன்.

அவன் போட்ட கூச்சல்
நீரிணைக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.
கயிற்றை விட்டான்.
ஓடினான்,
வண்டி வரும் பக்கமாக,
காற்றும் அவன் கட்சி சேர்ந்து முதுகைத் தள்ள.

பிடித்தேன்.

ஆலையில் நாளெல்லாம்
சென்டோயா நண்டின் ஓட்டை உடைக்கிற கை இது.
எவ்வளவு இறுக்கம் போதும் என்று
அந்த நொடியில் அதற்குத் தெரியவில்லை.
வெள்ளை வேன் ஒன்று
ஹாரனை அழுத்தியபடியே போனது, மூலை திரும்பும் வரை.

வங்கிச் சுவரோரம் உட்கார்ந்தேன்.
காற்றுக்கு என் முதுகு,
எனக்கும் சுவருக்கும் நடுவில் அவன்.
அடித்தான். "அடிக்கக் கூடாது."
உதைத்தான். என் பூட்ஸ் தாங்கும், விட்டுவிட்டேன்.
"கிரீடத்தைக் குடு."
"வீட்டுலதான். கோவமா இருக்கு, தெரியுது. அழு.
நான் எங்கயும் போகலை."

தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு
ஒருவர் குனிந்து ஒரு கேரமல் நீட்டினார்.
"பாவம், குழந்தை."
வேண்டாம், நன்றி என்றேன்.
அவர் கண்ணில் நான் கல்நெஞ்சுக்காரி. இருக்கட்டும்.

என் விரல் இரண்டு தடவை ஜிப்பைத் தொட்டதை
அவர் பார்க்கவில்லை.
இரக்கம் ஒன்றும் இல்லை அது.
குளிர். இடுப்புவலி. ஊரே பார்க்கிறது.
கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும்,
நின்ற சத்தத்துக்கு அன்பு என்று
பெயர் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் ஆனதோ.
தெருவிளக்கு எரியவில்லை, அதனால் ரொம்ப நேரமில்லை.
விக்கலுக்கு நடுவே கேட்டான்:
"பைக்குள்ள மக்ரோனி நசுங்கிடுமா?"

அடப்பாவி, இதுவா?

ஜிப்பை இரண்டு விரல் அகலம் திறந்தேன்.
ஒற்றைக் கண்ணை வைத்து எண்ணினான்.
எட்டு. சரியாக இருந்தது.
மூக்கை என் கோட்டில் துடைத்துக்கொண்டு
கயிற்றைப் பிடித்தான்.

ராத்திரி குளியல் தொட்டியில்
தலையில் கிரீடம், இடுப்பளவு வெந்நீர்.
சோப்புப் போடக் கையைத் தூக்கினேன்.
மணிக்கட்டில் நாலு சிவப்புக் கோடு.
புரட்டினால் ஒரு கட்டைவிரல்.

நிபால்டோ கடலில். திரும்ப ஒன்பது நாள்.
அதற்குள் மறைந்துவிடும் என்று
முதலில் தோன்றியது அதுதான்,
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தொட்டி ஓரம் முட்டி போட்டேன்.
"இவ்வளவு அழுத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."
தண்ணீரைக் கோப்பையில் மொண்டு ஊற்றிக்கொண்டே
யோசித்தான்.
"அப்போ நாளைக்கு விட்டுடுவியா?"
"ரோட்டுலயா? மாட்டேன். பிடிப்பேன்."
"எவ்ளோ?"

எனக்கு அதற்கு அளவு தெரியாது.
ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து
"இவ்ளோ?" என்றான்.
போதாது, வழுக்கிடும் என்றேன்.
"இவ்ளோ?"
இன்னும் கொஞ்சம்.
பல்லைக் கடித்து இறுக்கினான்.
அய்யோ, அது அதிகம்.
தளர்த்தினான், மறுபடி முதலிலிருந்து.

வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.
நீராவியில் பசை இளகி
மக்ரோனி ஒன்று தண்ணீரில் விழுந்தது.
அவன் கவனிக்கவில்லை.
"இப்போ?" என்றான்.