நடுவில் ஒரு திரை

கொளத்தூர் சந்தையிலிருந்து ஈசிஆர் பஸ்ஸில்
மடியிலேயே வந்தது துணிப்பை.
மரக்காணத்தில் ஒருமுறை அசைந்தது.
காலாப்பட்டு தாண்டியதும்
உள்ளே யாருமே இல்லாத கனம்.

முத்தியால்பேட்டையில் மாடி ஏறும்போது
கீழ்வீட்டு ரொசாலி கேட்டார்: "இன்னொண்ணா?
வேலியில போறதைப் புடிச்சு..."
"இது வேலியில போனதில்லக்கா.
கூண்டுல பொரிஞ்சது. இதோட அம்மாவும் கூண்டுலதான்.
ஏமன்னு ஒரு நாடு இருக்கறதே இதுக்குத் தெரியாது."

மேலே ஜன்னலோரம், மூன்று வருடமாய், கண்டக்டர்.
ஒரு கண் முன்படிக்கட்டு, ஒரு கண் பின்படிக்கட்டு,
அதனால் அந்தப் பேர்.
செம்பருத்திக் கிளையில்
எந்த நிறுத்தத்திலும் இறங்காமல் நிற்பான்.

பையைப் பிரித்தேன்.
அடுப்புக்கரி நிறத்தில் ஒரு முஷ்டி.
கண்டக்டர் பக்கவாட்டில் திரும்பினான்,
தட்டையாக, அகலமாக,
மஞ்சளும் பச்சையும் பட்டை பட்டையாய் வீங்கி
கட்அவுட் மாதிரி.
ஒரு நிமிடம்கூட இருக்காது.
நடுவில் என் முதுகை வைத்தேன்.

இது எனக்கு வார்டில் தெரியும்.
எட்டாம் கட்டில்காரர் முனகுவது
ஒன்பதாம் கட்டிலுக்குக் கேட்கலாம்.
பார்த்தால்தான் பிரஷர் ஏறும்.
கழித்துப்போட்ட பச்சைத் திரை ஒன்றை
மேட்ரனிடம் சொல்லிவிட்டே எடுத்துவந்து
இரண்டு கூண்டுக்கும் நடுவே கட்டினேன்.
புதியதற்கு உயரமான இடம்,
மேலிருந்து குனிகிற எதுவும் அதற்குப் பருந்து.
பழைய டிரிப் செட்டில்
நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு, இலைமேல்.
தட்டில் நிற்கும் தண்ணீரை
அது தண்ணீரென்று நம்பாது.

பிறகு தொடாமலிருந்தேன்.
சொல்லச் சுலபம்.

முதல் நாள்: சாப்பிடவில்லை.
மூன்றாம் நாள்: பகலிலேயே கண் மூடி.
ஐந்தாம் நாள்: விட்ட சில்வண்டு
அதன் முதுகேறி நடந்து மறுபக்கம் இறங்கியது.
ஏழாம் நாள் எழுதவில்லை.

திரைக்கு இன்னொரு மடிப்புப் போட்டேன்.
ஓரங்களைப் பிளாஸ்திரியால் ஒட்டினேன்.
கண்டக்டரை ஏசினேன். பாவம், அவன்
டிக்கெட் கிழிப்பதுபோல் வெள்ளை வெள்ளையாய்த்
தோலுரித்துக்கொண்டிருந்தான்,
யாரையும் பற்றி யோசிக்காமல்.

ஒன்பதாம் நாள், நைட் டூட்டி முடித்த மதியம்,
தூக்கம் வராமல் எழுந்து
கூண்டின் பின்னால் போய் நின்று
அது பார்க்கும் பக்கமே பார்த்தேன்.
திரை இல்லை அந்தப் பக்கம்.
இரும்பு பீரோ.
பீரோவின் ஆளுயரக் கண்ணாடி.
அதில், நான் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு மேலே,
கன்னங்கரேலென்று ஒன்று
கிளையைப் பற்றிக்கொண்டு இதை முறைத்தது.
ஒன்பது நாளாக.
இது ஒடுங்கினால் ஒடுங்கி,
விளக்கணைத்தால் மட்டும் போய்,
விடிந்ததும் முதல் ஆளாய் வந்து.

ஒரு நைட்டியை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டேன்.

மறுநாள் காலை பால் பாக்கெட்டை வெட்டும்போது
முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்,
ஈரத்துணியை ஒரே உதறல் உதறிய மாதிரி.
நாக்கு.
நான் திரும்பவில்லை.
திரும்பினால் இன்னும் இரண்டு கண்.
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.
மறுபடி, உதறல்.

"பேர் என்ன வச்சே?" என்கிறார் ரொசாலி.
சார்ட்டில் அந்த இடம் காலி.
கரி கொஞ்சம் கொஞ்சமாய் விட்டு
வாலிலிருந்து பச்சை ஏறுகிறது, இடுப்புவரை வந்திருக்கிறது.
கண்டக்டர் ஒரு கண்ணால் தெருவையும்
ஒரு கண்ணால் திரையையும் பார்க்கிறான்.
திரை அவனுக்கு ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

நைட்டி இன்னும் கண்ணாடிமேல்தான்.
டூட்டிக்குக் கிளம்பும்போது
பொட்டை விரலால் தடவி உத்தேசமாய் வைத்துக்கொள்கிறேன்.
மேட்ரன் நேற்றுச் சொன்னார்,
"இன்னிக்கு ரொம்ப இடதுபக்கம்."